புதுமுகம் கண்டு அழும் பிள்ளையை வந்தவரோடு பழக்குவது எப்படி

நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். காலையில் மூத்த பிள்ளையை விட வரும் தாய்மாரின் இடுப்பில் ஒன்றரை, இரண்டு வயதில் இன்னொன்று கட்டாயம் இருக்கும். "வாங்கோ குஞ்சு" என்று கையை நீட்டினால் பாதிப் பேர் வீரிட்டு அழுவார்கள். முதல் வருடம் முழுக்க நானும் அப்படிக் கையை நீட்டியவள்தான்.

இது ஒரு வயதில் இருந்து மூன்று வயது வரையான பிள்ளைகளுக்கானது. வீட்டுக்கு வரும் விருந்தினர், வெளிநாட்டுச் சொந்தம், ஊசி போடும் கிளினிக் மிஸ், புது ரீச்சர் என்று ஆள் மாறினாலும் ஒழுங்கு ஒன்றுதான். பிள்ளை முதலில் பார்க்கும், பிறகு கிட்ட வரும், கடைசியில்தான் தொடும். பெரியவர்கள் எடுத்த எடுப்பிலேயே தொடப் போகிறோம். அநேகமான அழுகை அங்கேதான் தொடங்குகிறது.

1. வயதையும் சுபாவத்தையும் முதலில் பாருங்கள்

புதுமுகப் பயம் ஏறக்குறைய 6 தொடக்கம் 8 மாதத்துக்குள் தலைகாட்டும். ஒரு வயதை ஒட்டி உச்சத்துக்குப் போய், ஒன்றரை வயது வரை கடுமையாக இருக்கும். இரண்டு வயது கழிந்த பிறகு மெல்லத் தணியும். ஐந்தாம் மாதத்தில் ஆர் தூக்கினாலும் சிரித்த பிள்ளை, ஒன்பதாம் மாதத்தில் பக்கத்து வீட்டு மாமியைக் கண்டு அழுதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தெரிந்த முகத்தையும் தெரியாத முகத்தையும் பிரித்தறியும் அளவுக்குப் பிள்ளை வளர்ந்திருக்கிறது. (கண்ணூறு என்று உப்பும் மிளகாயும் சுற்றுகிற அம்மம்மாமார் இருக்கிறார்கள். சுற்றட்டும். சுற்றி முடிந்த கையோடு பிள்ளையை அதே மாமியின் மடியில் வைக்காமல் விட்டால் போதும்.)

சுபாவமும் இருக்கிறது. பிறப்பிலேயே புதியதைக் கண்டால் பின்வாங்கும் பிள்ளைகள் நூற்றுக்கு 15, 20 பேர் வரையில் இருப்பார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. என் வகுப்பிலும் ஒவ்வொரு வருடமும் மூன்று நாலு பேர் அப்படித்தான் வருவார்கள். வேறு பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதுமென்றால் இவர்களுக்கு மூன்று சந்திப்பு வேண்டும். இதை முதலே தெரிந்து வைத்தால்தான் அடுத்த படிகளில் அவசரப்படமாட்டீர்கள்.

2. ஆள் வருமுன் செய்ய வேண்டியவை

நித்திரையும் வயிறும். நித்திரை குழம்பிய பிள்ளைக்கு அப்பம்மாவே அந்நியம். வருகிறவர் மத்தியானம் ஒரு மணிக்கு வருகிறேன் என்றால், "பிள்ளை எழும்பிச் சாப்பிட்ட பிறகு பின்னேரம் வாங்கோ" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் ஒருவரும் குறை நினைக்கமாட்டார்கள்.

வருகிறவருக்கு முதலே சொல்லிவிடுங்கள். வாசலில் வைத்துச் சொன்னால் அது முகத்தில் அடித்ததுபோல் இருக்கும். முதல் நாள் போனில் சொன்னால் சாதாரணக் கதை. "இவள் இப்ப புதுஆக்களைக் கண்டால் கொஞ்சம் அழுவாள் அக்கா. வந்தவுடனை தூக்காமல் இருந்தால் கெதியாச் சேர்ந்திடுவாள்." இந்த ஒரு போன் கோலை எடுக்காமல் விட்டதால் வந்த மனத்தாங்கல்கள் எனக்குத் தெரிந்தே எத்தனையோ.

முகத்தை மறைப்பவை. எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் மோட்டார் சைக்கிளில்தான் வருவார்கள். ஹெல்மெற்றோடும் கறுப்புக் கண்ணாடியோடும் முற்றத்துக்குள் வருகிற உருவத்தைப் பிள்ளை மனுசன் என்றே எடுக்காது. படலையிலேயே கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள். இது மிகச் சின்ன விசயம். ஆனால் நான் கண்ட வரையில் கூடப் பலன் தருவதும் இதுதான்.

படமும் குரலும். வரப்போகிறவரின் படத்தை இரண்டு மூன்று நாளைக்குக் காட்டி, "இது சித்தப்பா, எங்கடை வீட்டை வருவார்" என்று சொல்லுங்கள். வீடியோ கோலும் உதவும். 18 மாதத்துக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குத் திரையே வேண்டாம் என்று சொல்லும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறது. ஆனால் அதை நம்பி மற்றப் படிகளை விட்டுவிடாதீர்கள். போனில் உள்ளங்கை அளவாக இருந்த சித்தப்பா நேரில் ஆறடி உயரத்தில், வேறு வாசனையோடு வந்து நிற்பார். பிள்ளைக்கு அவர் வேறு ஆள்தான்.

3. படலையில் இருந்து முதல் பத்து நிமிடம்

இந்த நேரத்தில் பிள்ளை வந்தவரைப் பார்ப்பதை விட உங்களைத்தான் கூடப் பார்க்கும். 1985இல் வெளியான ஓர் ஆய்வில், கீழே பள்ளம் தெரிகிற கண்ணாடித் தளத்தின் ஒரு கரையில் ஒரு வயதுப் பிள்ளைகளை விட்டு, மறுகரையில் தாயை நிறுத்தினார்கள். தாய் சிரித்த முகம் காட்டியபோது 19 பேரில் 14 பேர் தவழ்ந்து கடந்தார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. வந்த ஆளும் பிள்ளைக்கு அப்படி ஒரு கண்ணாடித் தளம்தான். நீங்கள் "ஐயோ, இப்ப அழப்போறானே" என்று முகத்தைச் சுருக்கினால் அவன் அழுவான்.

அதனால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே நீங்கள் முதலில் வந்தவரோடு சந்தோசமாகக் கதையுங்கள். குரலை வழமைபோல வைத்திருங்கள். பிள்ளையிடம் ஒன்றும் கேட்காதீர்கள், ஒன்றும் செய்யச் சொல்லாதீர்கள். உங்கள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கத் தொடங்கினால் முதற்படி முடிந்தது.

பிறகு எல்லாரும் இருங்கள். நிற்கிற ஆளை விட இருக்கிற ஆளைக் கண்டால் பிள்ளைக்குப் பயம் குறைவு, கதிரையில் இருப்பவரை விடப் பாயில் இருப்பவரைக் கண்டால் இன்னும் குறைவு. உயரம், பருத்த குரல், விரைவாகக் கிட்ட வருவது, இந்த மூன்றும் சேர்வதால்தான் ஆண்களைக் கண்டு பிள்ளைகள் கூட அழுகிறார்கள். முழங்கால் நோகிற பெரியவரைப் பாயில் இருத்த முடியாது, சரி. அவருடைய கதிரையை விறாந்தையின் ஓரத்துக்கு நகர்த்துங்கள்.

வந்தவர்களோடு சிறுபிள்ளை இருந்தால் அதை முன்னுக்கு விடுங்கள். தெரியாத பெரியவரைக் கண்டு அழும் பிள்ளை தெரியாத சிறுவரைக் கண்டு அவ்வளவு அழாது. அந்த அக்காவோடு முற்றத்தில் ஓடத் தொடங்கினால், அக்காவின் அம்மாவும் தானாகவே உள்ளே வந்துவிடுவார்.

4. வந்தவரின் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டேன்.

என் மகளுக்கு ஒரு வயதும் எட்டு மாதமும் ஆனபோது அவளுடைய அப்பா கட்டாரில் இருந்து லீவில் வந்தார். அவர் போகும்போது அவளுக்கு நாலு மாதம். ஒவ்வொரு இரவும் வீடியோ கோலில் "அப்பா, அப்பா" என்று போனைக் கொஞ்சுகிற பிள்ளை. வாகனத்தில் இருந்து இறங்கி நேராக வந்து இரண்டு கையாலும் தூக்கினார். அவள் கத்திய கத்தலில் முன்வீட்டு நாய் குரைத்தது. அன்றிரவு அவர் வடிவாகச் சாப்பிடவில்லை. "என்ர பிள்ளைக்கே நான் ஆரோ ஆயிட்டன்" என்று விறாந்தைத் தூணில் சாய்ந்துகொண்டு இருந்தார். இரண்டாம் நாள் பெட்டியைத் திறந்து, லைற் எரிந்து சத்தம் போடுகிற ரிமோட் கார் ஒன்றை அவளுடைய காலடிக்கு ஓட்டினார். அது இன்னும் மோசமாகப் போனது.

மூன்றாம் நாள் காலை அவர் அலுத்துப்போய், கோப்பை ஒன்றில் குறுணலை எடுத்துக்கொண்டு முற்றத்தில் குந்தியிருந்து கோழிக்கும் குஞ்சுகளுக்கும் போட்டார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருந்தார். மகள் என் பாவாடையைப் பிடித்தபடி குசினி வாசலில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் பாவாடையை விட்டாள். பிறகு தண்ணி வாளி வரைக்கும் போனாள். அங்கே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் தலையை ஆட்டினேன். பிறகு நடந்துபோய்க் கோப்பைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி எறிந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கோழியிடம், "இந்தா, அக்கா போடுறா, சாப்பிடு" என்றார். அவள் சிரித்தாள். நாலாம் நாள் விடிய அவளே கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்கு முன்னால் வைத்தாள்.

அவர் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அவளால் அவரை ஆறுதலாகப் பார்க்க முடிந்தது. பெரியவரின் கண் தன்மேலேயே நிற்கும்போது பிள்ளைக்கு ஒளிப்பதைத் தவிர வேறு வழியில்லை. எவ்வளவு கிட்டப் போவது, எப்போது திரும்புவது என்பதும் அன்று அவள் கையில் இருந்தது.

வீட்டில் கோழி இல்லையென்றால் கீரை ஆயக் கொடுங்கள், பயித்தங்காய் முறிக்கக் கொடுங்கள், பூக்கண்டுக்குத் தண்ணி ஊற்றச் சொல்லுங்கள். ஏ9 வீதியால் வருகிறவர்கள் முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கச்சான் (நிலக்கடலை) வாங்காமல் வரமாட்டார்கள். அதை உடைப்பதும் நல்ல வேலைதான், ஆனால் இந்த வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் வேண்டாம். முழுக் கச்சான் பருப்பு மூச்சுக்குழாயில் சிக்கும். பயித்தங்காயே நல்லது, பிள்ளையும் முறிக்கலாம்.

பிள்ளை கிட்ட வந்ததும் வந்தவர் செய்ய வேண்டியது ஒரு துண்டை நிலத்தில், பிள்ளைக்கு எட்டும் இடத்தில் வைப்பது மட்டும்தான். கையில் திணிக்கக்கூடாது. பிள்ளை எடுத்தால் இன்னொன்று. திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். இந்தக் கொடுக்கல் வாங்கல் நாலைந்து தரம் நடந்த பிறகு அநேகமாகப் பிள்ளையே வந்து மடியில் சாயும். அன்றைக்கே சாய வேண்டும் என்று ஒன்றுமில்லை.

5. தூக்க நீளும் கையைத் தடுப்பது

பிள்ளையைப் பழக்குவது இலகு. பெரியம்மாவைப் பழக்குவதுதான் கடினம். 15 வருடத்துக்குப் பிறகு கனடாவில் இருந்து வந்திருப்பார், உங்களைத் தூக்கி வளர்த்தவராகவும் இருப்பார். அவரிடம் "தொடாதேங்கோ" என்று சொல்ல ஆருக்கு வாய் வரும்? அதனால்தான் பல தாய்மார் பிள்ளையை அழவிட்டுப் பெரியவரின் மனதைக் காக்கிறார்கள். இரண்டையும் காக்கலாம். என்ன சொல்ல வேண்டும் என்பதை முதலே வாயில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கை நீண்டவுடன் நீங்கள் அரைவாசி திரும்புங்கள். பிள்ளை உங்கள் மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். அதோடு சேர்த்து, "இவள் பாத்துப் பாத்துத்தான் வருவாள் பெரியம்மா. வந்தாலோ பிறகு உங்களை விடமாட்டாள்" என்று சொல்லுங்கள். இதில் "வேண்டாம்" என்ற சொல்லே இல்லை, பெரியம்மாவுக்கு ஒரு நம்பிக்கையும் கிடைக்கிறது. உடனே ஒரு வேலையையும் சொல்லிவிடுங்கள்: "இந்தப் பயித்தங்காயை ஒருக்கா முறியுங்கோவன், பாத்திட்டு ஓடி வருவாள்."

சொல்லக்கூடாதது: "உங்களைக் கண்டால் அவளுக்குப் பயம்." பெரியவருக்கும் சுடும், பிள்ளையின் காதிலும் விழும்.

கொஞ்சுவதற்கும் இதே கதைதான். பிள்ளை முகத்தைத் திருப்பினால், "கை காட்டுவமா, கும்பிடுவமா?" என்று அதனிடம் கேளுங்கள். இரண்டுமே மரியாதைதான், எந்தப் பெரியவரும் குறை சொல்லமாட்டார். இரண்டு வயது தாண்டியவர்கள் உங்களோடு சேர்ந்து பிஸ்கற் தட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். பிடித்துவைத்துக் கொஞ்சவிட்டால், தன் "வேண்டாம்" என்ற சொல்லுக்குப் பெரியவர்களிடம் பெறுமதி இல்லை என்று பிள்ளை படித்துக்கொள்ளும். நாளைக்கு ஆராவது தப்பான எண்ணத்தோடு தொட்டாலும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் துணிவு வராது. இந்த ஓர் இடத்தில் ஆர் கோவித்தாலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

6. அழுதுவிட்டால்

உடனே எடுங்கள். "பழகட்டும், விடுங்கோ" என்று அந்நியர் கையிலேயே விட்டால், பிள்ளை களைத்துப்போய் அடங்கும். அடங்கினதைப் பழகினது என்று எடுக்கக்கூடாது, அடுத்தமுறை அதே ஆளைத் தூரத்தில் கண்டாலே அழும்.

ஆனால் எடுத்துக்கொண்டு அறைக்குள் ஓடி ஒளிக்கவும் வேண்டாம். அப்படிச் செய்தால் வந்தவர் உண்மையிலேயே ஆபத்தான ஆள் என்று நீங்களே சொன்ன மாதிரி. ஐந்தாறு அடி பின்வாங்கி, வந்தவரைப் பார்க்கக்கூடிய இடத்தில் நின்று, "புது ஆள் என்ன, பாப்பம்" என்று முதுகைத் தடவுங்கள். அழுகை நின்றதும் மூன்றாவது படியில் இருந்து திரும்பத் தொடங்குங்கள். இரண்டு தரம் அழுதால் அன்றைக்குப் போதும், வந்தவரோடு நீங்கள் கதைப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும்.

7. கிளினிக்கும் முன்பள்ளியும்

தடுப்பூசி அட்டவணையைப் பாருங்கள்: 9, 12, 18 மாதங்கள். புதுமுகப் பயம் கூடுதலாக இருக்கும் காலத்திலேயே ஊசியும் வருகிறது. அதனால் கிளினிக் மிஸ்ஸின் முகம் பிள்ளைக்கு நோவோடு ஒட்டிப்போகிறது. இதற்கு ஒரு வழி, ஊசி இல்லாத நாளில் நிறை பார்க்க மட்டும் போவது. ஊசி நாளில் பிள்ளையை உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். "நோகாது" என்று பொய் சொல்லாதீர்கள். "கொஞ்சம் நோகும், அம்மா பிடிச்சிருக்கிறன்" என்றால் அடுத்தமுறையும் உங்கள் சொல்லை நம்பும்.

முன்பள்ளியில் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே பின்னேரத்தில் பிள்ளைகள் இல்லாத நேரம் கூட்டிவாருங்கள். ஊஞ்சலில் ஆடட்டும், நான் தூரத்தில் முற்றத்தைக் கூட்டிக்கொண்டு நிற்பேன். முதல் நாளில் பிள்ளை விளையாடும் நேரம் பார்த்துக் களவாக நழுவிப் போகாதீர்கள். நாங்கள் கூடப் படும் பாடு இதனால்தான். ஒருமுறை நழுவினால் பிள்ளை பிறகு ஒரு கிழமைக்கு உங்கள் உடுப்பை விடாது, கண் எடுத்தால் அம்மா காணாமல் போய்விடுவா என்று தெரிந்துவிட்டதே. சொல்லிவிட்டுப் போங்கள், அழட்டும். "சோறு சாப்பிட வீட்டை போவம்" என்று சொன்னால், அந்த நேரத்துக்கே வந்து நில்லுங்கள்.

8. திரும்பத் திரும்பக் காணும் பிழைகள்

பயங்காட்டி வளர்ப்பது. "சாப்பிடாட்டில் பிள்ளைபிடிகாரன் வருவான்", "பொலிஸைக் கூப்பிடுவன்", "ஊசி மிஸ்ஸிட்டைக் குடுப்பன்." மூன்று நேரச் சாப்பாட்டுக்கும் இதைச் சொல்லிவிட்டு, புது ஆளைக் கண்டு பிள்ளை அழுகிறது என்று கவலைப்படுகிறோம். இதை நிறுத்தாமல் மேலே சொன்ன ஒன்றையும் தொடங்காதீர்கள்.

பெயர் சூட்டுவது. "சரியான வெட்கக்காரி", "ஆக்களோடை சேரமாட்டான்" என்று பிள்ளைக்கு முன்னால் சொன்னால் அது அப்படியே ஒட்டிக்கொள்ளும். "பாத்துக்கொண்டிருக்கிறாள்" என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான்.

சனநெரிசலில் அறிமுகம் செய்வது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் பறை ஒலியும் சனமும் சூழ நிற்கும்போது, பத்து வருடம் காணாத மாமாவைக் கண்டு பிள்ளையை அவர் கையில் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே கை காட்டிவிட்டு வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

லஞ்சம். "மாமாவிட்டைப் போனால் சொக்லேற்." சொக்லேற்றைப் பறித்துக்கொண்டு பிள்ளை ஓடிவரும், பழக்கம் வராது. அதை விட, புது ஆள் தரும் இனிப்பை நம்பிப் போகவும் நாமே பழக்குகிறோம்.

9. எப்போது கிளினிக்கில் காட்ட வேண்டும்

அழுவதை மட்டும் வைத்து ஒன்றும் பயப்பட வேண்டாம். ஒரு வயதாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, ஒன்றரை வயதாகியும் விரலால் ஒன்றையும் சுட்டிக் காட்டாதது, வீட்டு ஆட்களின் கண்ணையும் பாராமல் இருப்பது, கதைத்த சொற்களை இடையில் விட்டுவிடுவது ஆகியவற்றைக் கண்டால் பிந்தாமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். இரண்டு வயதுப் பிள்ளை முன்பின் தெரியாத ஆருடனும் உங்களை ஒருதரமும் திரும்பிப் பாராமலே போய்விடுகிறது என்றாலும் சொல்லலாம். மூன்று வயது கழிந்தும் புது ஆள் பயத்தால் சாப்பாடு, நித்திரை, விளையாட்டு எல்லாம் குழம்புகிறதென்றாலும் அப்படித்தான்.

போகும்போது பிள்ளையின் கிளினிக் புத்தகத்தோடு, வீட்டில் விளையாடும் இரண்டு நிமிட வீடியோ ஒன்றையும் போனில் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே போனதும் எப்படியும் அழத்தான் போகிறது, கேட்ட ஒன்றையும் செய்து காட்டாது.